பிழையான பக்கத்தில் நாலு சில்லு

பனியைத் தேடி லண்டனுக்குப் போன ஒரே மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் நோர்வேயிலிருந்து. வடக்கு நோர்வேயில் நான் இருந்த மீன்பிடி ஊரில் வருடத்தில் பாதி பனிதான். கிழமை நாட்களில் தொழிற்சாலையில் கொட் மீன் கீறுவேன். சனி ஞாயிறுகளில் டாக்சி ஓடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்த எங்கள் ஆட்கள் ஒரு கூட்டமே முதலில் அங்கே இருந்தது. குடும்பம் குடும்பமாக ஒஸ்லோவுக்குப் பெயர்ந்து போக, தும்மினால் "நூறு வயது" என்று சொல்லவும் ஆளில்லாமல் நான் மட்டும் மிஞ்சினேன்.

அப்படியிருக்கையில்தான் லண்டன் அத்தான் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன், கிங்ஸ்பரியில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவர். ஹாம்ஸ்டெட் மேட்டின் உச்சியில் ஒரு பணக்கார ஹோட்டல். போன குளிர்காலத்தில் பனி கொட்டியபோது அவர்களுடைய கார் மேடேற மாட்டாமல் வழுக்கி, விருந்தினர் பெட்டிகளோடு நடந்து ஏறினார்களாம். இனிமேல் எஞ்சின் நாலு சில்லையும் சேர்த்துச் சுழற்ற, நாலு சில்லும் இழுக்கிற கார் வேண்டும், ஆனால் ஜீப் மாதிரி இருக்கக் கூடாது, சீமாட்டிகள் ஏறி இறங்கத் தக்க சொகுசுக் காராக இருக்க வேண்டும், அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவருக்கே விருந்தினரை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் என்று ஹோட்டல் சொல்லியிருந்தது.

"தம்பி, எனக்கு ஸ்நோவைப் பற்றி ஒரு கோதாரியும் தெரியாது. நீ வந்து காரைப் பாத்துச் சொல்லு. ஒப்பந்தம் கிடைச்சா ரெண்டு ஷிப்ட். பகல் நான், பின்னேரம் நீ. உந்த மீன் நாத்தத்தை விட்டிட்டு இஞ்ச வந்திரு," என்றார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என்னிடம் புத்தம்புது நோர்வே பாஸ்போர்ட் இருந்தது, லண்டனில் வேலை செய்யத் தடை இல்லை. தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். திரும்பி வந்து கத்தியை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவேன் என்று மேற்பார்வையாளரிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வந்த ரயிலில் என் பக்கத்தில் இருந்த ஒரு கிழவி தன் சிநேகிதியிடம், "இந்தக் கிழமை பனி வருமாம், பாணும் பாலும் வாங்கி வைத்துவிட்டேன்," என்று யுத்தத்துக்கு ஆயத்தமாகிறவள்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. யுத்தத்துக்கு எப்படி ஆயத்தமாவது என்று எங்களைக் கேட்டிருக்கலாம்.

அக்கா வாசலிலேயே கட்டிப் பிடித்து அழுதாள். மேல்மாடியில் பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த சின்ன அறையை ஒழித்து, புதுத் திரைச்சீலை போட்டு, "இதுதான் உன்ர அறை," என்று காட்டினாள். திரைச்சீலையில் மாம்பழ நிறப் பூக்கள். எட்டு வருடமாகத் தொழிற்சாலை ஆட்கள் மூன்று பேரோடு பங்குபோட்ட அறையில் படுத்தவன் நான், அந்தச் சீலையை இரண்டு தரம் இழுத்து மூடித் திறந்து பார்த்தேன். இடியப்பமும் சொதியும் இறைச்சிக் கறியும் கிடைக்கும் என்ற ஆசையோடு கீழே வந்து மேசையில் இருந்தேன்.

மேசையில் கொட் மீன் இருந்தது.

"உனக்குப் பழக்கமான மீனெண்டு வெள்ளைக்காரன்ர கடையில தேடி வாங்கினனான்," என்றாள் அக்கா. பாவம், அவ்வளவு அன்பு. நான் மூன்று துண்டு தின்றேன்.

சனிக்கிழமை சவுத்தாலுக்குப் போனோம். அத்தானுக்குத் தெரிந்த ஒரு சர்தார்ஜி அங்கே பழைய கார் விற்கிறார். நாலு சில்லும் இழுக்கிற சொகுசுக் கார் மூன்றை எங்களுக்காகவே வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். நான் போனதும் முதல் வேலையாக ஈரத் தரையில் மல்லாந்து படுத்து ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தேன். "உன் மைத்துனன் கார் வாங்க வந்தானா, எருமை வாங்க வந்தானா?" என்று சர்தார்ஜி அத்தானிடம் கேட்டது படுத்திருந்த எனக்கும் கேட்டது.

பனி இல்லாத ஊரில் பனிக்காரைச் சோதிப்பது எப்படி? முற்றத்துக்குப் பின்னால் மழைநீர் ஊறிய புல்தரை ஒன்று சரிவாகக் கிடந்தது. ஈரப் புல்லும் ஏறக்குறையப் பனிதான். சர்தார்ஜியின் முகம் சுருங்கினாலும் மூன்றையும் அதிலே இறக்கினேன்.

முதலாவது ஜப்பான்காரன். நாலு சில்லுக்கும் எப்போதும் இழுவை. எஞ்சின் தாழ்வாகக் கிடந்ததால் வளைவில் உடம்பு சாயவில்லை. சொன்ன இடத்தில் திரும்பியது, விட்ட இடத்தில் நின்றது. ஓட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல கார் அங்கே இல்லை. ஆனால் உள்ளே சாம்பல் துணி இருக்கை. கதவைச் சாத்தினால் பிஸ்கட் தகரத்தை மூடிய சத்தம். "ஹோட்டல் ஆக்கள் உதில ஏறுவினமே? டாக்சி எண்டு காசை நீட்டுவினம்," என்றார் அத்தான். நான் வாதாடவில்லை. அவர் சொன்னதும் உண்மை.

இரண்டாவது ஜெர்மன்காரனைக் கண்டதும் அத்தானின் கண் விரிந்தது. தோல் இருக்கை, மரப் பலகை வேலைப்பாடு, கதவு சாத்தும்போது பெருமூச்சுப் போல ஒரு சத்தம். ஆனால் அவன் சாதாரணமாகப் பின்சில்லு இரண்டாலேயே ஓடுவான். சில்லு வழுக்குகிறது என்று உள்ளே இருக்கிற மின்மூளைக்குத் தெரிந்த பிறகுதான் முன்சில்லையும் கூப்பிடுவான். புல்லில் திருப்பிக்கொண்டே அக்சிலேட்டரை அமத்தினேன். பின்பக்கம் ஒரு வீச்சு வீசி, அதற்குப் பிறகுதான் முன்பக்கம் பிடித்தது. வீட்டில் நெருப்புப் பிடித்தால் குடும்பமாகக் கூடிக் கதைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிற ஆட்கள் மாதிரி. அந்த யோசிக்கிற நேரத்துக்குள் பனியில் வாய்க்காலுக்குள் போய்விடலாம்.

மூன்றாவதும் ஜெர்மன்காரன்தான், வேறு கொம்பனி. கியர்ப் பெட்டியிலிருந்தே நாலு சில்லுக்கும் எந்நேரமும் இழுவை, யாரையும் கூப்பிடத் தேவையில்லை. குறை இல்லாமல் இல்லை. மூக்குப் பாரம். வளைவில் வேகமாகப் போனால் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். ஆனால் மறுக்கப் போகிறேன் என்பதை ஸ்டியரிங்கில் முன்கூட்டியே சொல்லிவிடும். காலை எடுத்தால் தானே திரும்பும். பனியில் எனக்கு வேண்டியது அந்த நேர்மைதான். தோல் இருக்கையும் இருந்தது, கொஞ்சம் வெடித்தது.

"இதுதான்," என்றேன்.

அத்தான் இரண்டாவதை ஒருமுறை சுற்றி வந்து தடவினார். பிறகு என் தோளில் கை போட்டு, "நீ ஸ்நோக்காரன். நீ சொன்னாச் சரி," என்றார். அந்தப் பயணத்திலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சந்தோஷத்தின் சூட்டோடு அவருக்குத் தெரிய வேண்டிய ஒன்றையும் சொன்னேன். குளிர்கால டயர் வேண்டும்.

"அதுக்குத்தானே நாலு சில்லும் இழுக்குது?"

"அத்தான், நாலு சில்லும் இழுக்கிறது ஓடுறதுக்கு. நிக்கிறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லுதான். நிப்பாட்டுறது டயர்."

அவர் நம்பாத முகத்தோடு தலையாட்டினார். ஆனாலும் பனிச்சறுக்கு விளையாடப் போகிற பணக்காரர்களுக்கு டயர் விற்கும் ஒரு கடையைத் தேடிப் பிடித்து வாங்கிப் போட்டார். அந்த நன்றியை நான் மறைக்கவில்லை.

கார் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நவம் அண்ணை வந்தார். மூலையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எண் சாத்திரமும் பார்ப்பார். வந்தவர் காரைப் பார்க்கவில்லை, நம்பர் தகட்டைத்தான் பார்த்தார். மூன்று, ஒன்று, நாலு. கூட்டினார். முகம் கறுத்தது.

"எட்டு வருது. சனியன்ர எண். உதை ஏன் வாங்கினனீங்கள்?"

அத்தான் என்னைப் பார்த்தார். தோலும் மரப் பலகையும் வைத்த இரண்டாவது காரின் எண் ஐந்து என்று அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இழுவை, டயர், மூக்குப் பாரம் எல்லாம் பார்த்த நான் கூட்டல் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். காரை மாற்றிக்கொண்டு வருவோமா என்று பேச்சுத் தொடங்கியது. எனக்கு எரிந்தது. அக்காதான் தேநீரோடு வந்து, "அண்ணை, வெள்ளைக்காரன்ர நம்பரில எழுத்தும் கிடக்குதெல்லே? அதையும் கூட்டுங்கோவன்," என்றாள். நவம் அண்ணை விரல் விட்டுக் கூட்டினார். ஆறு வந்தது. சுக்கிரன், வாகன யோகம். என் பிழைப்பு ஆங்கில அரிச்சுவடியால் தப்பியது.

பிறகு எலுமிச்சம்பழப் பிரச்சினை. அத்தான் முன்னைய கார்களுக்கு முன்சில்லு இரண்டின் கீழும்தான் வைத்தவர். "உது நாலு சில்லும் இழுக்கிற கார். நாலு பழம் வேணும்," என்றார் நவம் அண்ணை. எலுமிச்சம்பழம் விற்கிறவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நாலையும் நசுக்கிக்கொண்டு நான்தான் காரை றோட்டில் இறக்கினேன்.

அதன் பிறகு பனிக்காகக் காத்திருந்தோம். பனி விழுகிற அன்றைக்கு ஹோட்டல் மனேஜர் அம்மாவைப் பின்னால் இருத்தி மேடேறிக் காட்ட வேண்டும், அதுதான் பரீட்சை. அந்த நாட்களில் கிங்ஸ்பரி முழுக்க நடந்தேன். கடையில் மீன் ரோல்ஸ் வாங்கிக் கடித்துக்கொண்டு பஸ் தரிப்பில் நின்று, சனங்கள் தமிழில் கவுன்சிலைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "பெனிபிட் காசை நிப்பாட்டிப் போட்டாங்கள், அறுவாங்கள்," என்று ஒரு அம்மா சொன்னது என் காதுக்குச் சங்கீதம். வடக்கில் எனக்குத் தமிழில் திட்டக்கூட ஆள் இல்லை. காரையும் தினமும் எடுத்து ஓடினேன். இடப்பக்கம் ஓடுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஊரில் மாமாவின் லொறியை இடப்பக்கம் ஓட்டித்தானே பழகினவன். "நோர்வேயில மற்றப் பக்கமெல்லே, கவனம்," என்று அத்தான் முதல்நாள் சொன்னார். இரண்டாம் நாள் அவரும் அதை மறந்துவிட்டார்.

வியாழக்கிழமை விடிய யன்னலைத் திறந்தால் பனி. எங்கள் ஊரில் அதற்குப் பனி என்று பெயரே வைக்க மாட்டார்கள். லண்டன் அதற்கே மண்டியிட்டுவிட்டது. ரயில் நின்றது. எங்கள் தெரு முனையில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. அதன் சாரதி இறங்கி, "எல்லோரும் நடந்து போங்கள், நானும் நடந்துதான் போகிறேன்," என்று சொல்லிவிட்டு உண்மையாகவே நடந்து போனான்.

அத்தான் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓடு. என்னால உதுக்குள்ள ஏலாது."

ஹோட்டல் மேட்டின் அடியில் மனேஜர் அம்மா நீண்ட கோட்டோடு காத்திருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். அத்தான் என் பக்கத்தில். மேட்டு வீதியில் கைவிட்ட கார்கள் கோணலும் மாணலுமாகக் கிடந்தன. நான் இரண்டாம் கியரில் மெல்ல விட்டேன். நாலு சில்லும் ஒன்றாகப் பிடித்தன. கார் ஒருமுறைகூட உதறவில்லை. குளிருக்குள் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எட்டு வருடம் அந்த இருண்ட ஊரில் கிடந்து நான் கற்ற ஒரே வித்தை அது. அந்த வித்தைக்கு முதல் தடவையாக ஒரு பெறுமதி வருகிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது. பின்னாலிருந்து, "அருமை. மிக அருமை," என்றார் மனேஜர் அம்மா. அத்தான் கண்ணை மூடி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உச்சிக்குக் கிட்ட ஒரு வளைவு. திரும்பினால் எதிரே ஒரு லொறி, பனி உருக றோட்டில் உப்புக் கொட்டுகிற கவுன்சில் லொறி, நேரே என் மூக்குக்கு வருகிறது. இந்த லண்டன்காரனுக்கு என்ன விசரா, என்னுடைய பக்கத்தால் வருகிறானே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லைட்டை அடித்தேன். ஹோர்னை அமத்திப் பிடித்தேன். அவன் நின்றான். நானும் நிறுத்தினேன். டயர் நல்ல டயர். இரண்டு மூக்குக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம்.

லொறிக்காரன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். கோபப்படவில்லை. "நண்பா, நீ எந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டான்.

அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைக் கோடு பனிக்குக் கீழே. மதிலும் நடைபாதையும் என் வலக்கைப் பக்கம். மேட்டின் அடியிலிருந்து அவ்வளவு தூரமும் வலப்பக்கத்தாலேயே ஏறி வந்திருக்கிறேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலில் நான் எங்கே பனியைக் கண்டேன்? காய்ந்த றோட்டை இந்தக் கைகள் யாழ்ப்பாணத்தில் படித்தன, அதனால் காய்ந்த லண்டனில் பிழை விடவில்லை. பனியைப் படித்தது நோர்வேயில். பனியைக் கண்டதும் அவை நோர்வேக்குப் போய்விட்டன. எந்தப் பக்கம் என்று என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

மனேஜர் அம்மா கத்தவில்லை. ஹோட்டல் வாசலில் இறங்கும்போது அத்தானின் கையைக் குலுக்கினார். "கார் எங்களுக்குப் பூரண திருப்தி. ஒப்பந்தத்தை அனுப்பி வைக்கிறேன்," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், மிக மரியாதையாக, "இந்தக் கனவான் எங்கள் விருந்தினரை ஓட்டமாட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்," என்றார். ஆங்கிலத்தில் அது இன்னும் மரியாதையாக இருந்தது. செருப்பால் அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் நவம் அண்ணையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "எட்டு எண்டு நீங்கள் அப்பவே சொன்னனீங்கள்."

"எட்டு உங்களை ஒண்டும் செய்யேல்லையே. ஓடினவரைத்தான் பிடிச்சது," என்றார் நவம் அண்ணை. அன்று பின்னேரமே பின்னேர ஷிப்டுக்கு ஆளும் கிடைத்துவிட்டது. நவம் அண்ணையின் மச்சான். அவனுக்குக் கார் மறுபடி ஆறாம் எண் ஆகிவிட்டது.

"குறை நினையாதை தம்பி. ஒப்பந்தம் போனா எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை," என்றார் அத்தான். அதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல். என்னிடம் யாரும் அநியாயம் செய்யவில்லை. கறிவேப்பிலையைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்குகிறவனையும் யாரும் அநியாயக்காரன் என்று சொல்வதில்லை.

பனி மறுநாளே கரைந்துவிட்டது. நான் புறப்பட்ட அன்று றோட்டெல்லாம் காய்ந்து கிடந்தது. கார் யாரோ ஒரு சீமாட்டியை ஏற்றப் போயிருந்தது. அக்கா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டித் தந்து, ரயில் நிலையம் வரை நடந்து வந்து அழுதாள். "திரைச்சீலையைக் கழட்டமாட்டன்," என்றாள். ஹீத்ரோ ரயிலில் வெள்ளைக்காரர்கள் பார்க்க நானும் அழுதேன். மேற்பார்வையாளர் என் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வடக்கு நோர்வேயில் நான் கண்ட நல்ல பழக்கம் அது ஒன்றுதான்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அத்தான், மூச்சு வாங்கிக்கொண்டு.

"தம்பி, இஞ்ச ஸ்நோ. நவம் அண்ணையின்ர மச்சான் ஆக்களை ஏத்திக்கொண்டு மேல ஏறியிட்டான். இப்ப இறங்க ஏலாமல் நிக்கிறான். பிரேக்கைத் தொட்டா வழுக்குதாம். ஹோட்டலில இருந்து போன் பண்ணுறான். என்ன சொல்ல?"

"குளிர்கால டயர் எங்கை அத்தான்?"

"அது சத்தம் போடுதெண்டு ஹோட்டல் ஆக்கள் சொல்லிச்சினம். கழட்டிப் போட்டம். மேல உன்ர அறையிலதான் அடுக்கிக் கிடக்கு."

உன்ர அறை. அவர் யோசித்துச் சொல்லவில்லை, அப்படியே வாயில் வந்தது. மாம்பழப் பூச் சீலைக்குக் கீழே நாலு கறுப்பு டயர். பேசாமல் தொலைபேசியை வைத்திருக்கலாம். ஆனால் பின் இருக்கையில் யாரோ கிழவி பயந்துபோய் இருப்பாள்.

"முதலாம் கியரில போடச் சொல்லுங்கோ," என்றேன். "பிரேக்கில கால் வைக்கவே வேண்டாம். கார் தானா இறங்கும். இன்னொண்டு, எதிரில உப்பு லொறி வந்தால் ஹோர்ன் அடிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அவன் சரியான பக்கத்தாலதான் வருவான்."